ஒரு விமர்சகரின் விக்கிப்பீடியா பக்கத்தில் ஏன் இத்தனை தகராறு?

ஆங்கில விக்கிப்பீடியாவில், மார்மனியம் என்ற சமயத்தை விமர்சித்த ஜெரால்ட் டேனர், சான்ட்ரா டேனர் என்ற கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரே கட்டுரைதான் இருக்கிறது. ஜெரால்ட் 2006 அக்டோபரில் இறந்துவிட்டார். சான்ட்ரா வாழ்கிறவர். இந்த ஒரு காரணத்தால் அந்தப் பக்கத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு வரிகளுக்கு இருவேறு விதிகள். கணவரைப் பற்றிச் சான்று இல்லாமல் ஒரு கடுஞ்சொல் இருந்தால் ‘சான்று தேவை’ என்று குறியிட்டுவிட்டுக் காத்திருக்கலாம். மனைவியைப் பற்றி அதே சொல் இருந்தால் யாரையும் கேட்காமல் உடனே நீக்க வேண்டும். இது தெரியாத புதியவர் ஒருவர் நீக்கியதைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். இன்னொருவர் மறுபடி நீக்குவார். மார்மனிய விமர்சகர்களைப் பற்றிய பக்கங்களில் வெடிக்கும் சண்டைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. அதில் மதம் பாதி, விதி தெரியாமை பாதி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்மனியம் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சமய இயக்கம். அதிலிருந்து கிளைத்த சபைகளில் மிகப் பெரியதன் தலைமையகம் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் பெயர். டேனர் தம்பதி அந்தச் சபைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். சான்ட்ரா, சபையின் 2ஆம் தலைவர் பிரிகம் யங்கின் எள்ளுப்பேத்தி. இருவரும் சபையை விட்டு விலகி, சுவிசேஷக் கிறிஸ்தவர்களாகி, 1960கள் தொடங்கிச் சபையின் பழைய ஆவணங்களைப் படியெடுத்து அச்சிட்டு விற்றார்கள். கூடவே அவற்றை வைத்துச் சபையை விமர்சித்தும் எழுதினார்கள். பின்னாளில் அவர்கள் நடத்திய அமைப்பின் பெயர் யூட்டா லைட்ஹவுஸ் மினிஸ்ட்ரி.

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு கலைக்களஞ்சியத்தில் எழுதினால் இரண்டு தரப்பும் வந்து நிற்கும். சபையை நம்புகிறவருக்கு அவர் பொய் பரப்பியவர். சபையை விட்டு வெளியேறியவருக்கு அவர் கண் திறந்தவர். விக்கிப்பீடியா இந்த இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாது. மார்மனியரின் வேதமான மார்மன் புஸ்தகம் தேவனிடமிருந்து வந்ததா என்பதற்கு அங்கே விடை கிடையாது. அந்த விவாதத்தை, திருத்துபவர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் தொடங்கினால், அந்தப் பக்கம் கட்டுரையை மேம்படுத்துவதற்கு மட்டுமே என்று சொல்லி அதை மூடிவிடுவார்கள். உண்மையில் சண்டை நடப்பது மூன்றே இடங்களில்: எந்தச் சொல், யாருடைய சான்று, எத்தனை வரி.

சொல்லில் தொடங்கும் சண்டை

முதல் வரியிலேயே தொடங்கிவிடும். ‘மார்மனிய விமர்சகர்’ என்று ஒருவர் எழுதுவார். ‘மார்மன் எதிர்ப்பாளர்’ என்று இன்னொருவர் மாற்றுவார். ‘ஆய்வாளர்’ என்று மூன்றாமவர் திருத்துவார். மூன்றுக்கும் ஏதாவது ஒரு நூலில் சான்று கிடைத்துவிடும் என்பதுதான் சிக்கல். இங்கே பயன்படும் கேள்வி ஒன்றுதான்: இரு தரப்பையும் சேராத வரலாற்றாசிரியர்களும் செய்தித்தாள்களும் பெரும்பாலும் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்? ஒரே ஒரு நூலாசிரியர் மட்டும் பயன்படுத்தும் பட்டம் என்றால், அவர் பெயரைச் சொல்லி அவருடைய கருத்தாகக் கட்டுரையின் உள்ளே எழுதலாம். முதல் வரியில் கலைக்களஞ்சியத்தின் சொந்தக் குரலில் எழுதக் கூடாது.

வினைச்சொற்கள் இன்னும் தந்திரமானவை. தமிழில் யோசித்தாலே புரியும். ‘சபை இதை மறைத்தது என்று அவர் சுட்டிக்காட்டினார்’ என்றால் சபை மறைத்தது உண்மை என்று எழுதியவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘குற்றம்சாட்டினார்’ என்றால் லேசாகச் சந்தேகம் தொனிக்கும். ‘அம்பலப்படுத்தினார்’ என்றால் தீர்ப்பே எழுதியாயிற்று. ஆங்கிலப் பக்கத்திலும் இதே விளையாட்டுத்தான். ஆகவே ‘எழுதினார்’, ‘கூறினார்’, ‘வாதிட்டார்’ போன்ற வெறும் சொற்களைத்தான் விக்கிப்பீடியாவின் நடை வழிகாட்டி பரிந்துரைக்கிறது. படிக்கச் சப்பென்று இருக்கும். சண்டை பாதியாகக் குறையும்.

பக்கத்தின் அடியில், கட்டுரையை வகைப்படுத்த வரும் பகுப்புகளுக்கு விளக்கமோ அடிக்குறிப்போ சேர்க்க வழியில்லை. அதனால் அங்கே விதி இன்னும் இறுக்கம். வாழும் ஒருவரை ஒரு மதப் பகுப்பில் போட வேண்டுமானால் அவரே தன்னை அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், அந்த நம்பிக்கைக்கும் அவர் அறியப்பட்ட காரணத்துக்கும் தொடர்பும் இருக்க வேண்டும். 2021இல் இறந்த வரலாற்றாசிரியர் மைக்கேல் குவினை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 செப்டம்பரில் சபை ஒழுங்கு நடவடிக்கை எடுத்த 6 பேரில் அவர் ஒருவர். சபையிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் ஜோசப் ஸ்மித் மீது தனக்கு நம்பிக்கை உண்டு என்றே சொல்லிவந்தார். ‘மார்மனிய விமர்சகர்’ என்ற பகுப்பில் அவரைப் போடலாமா? சபையின் வரலாற்றை எழுதியது வேறு, மார்மனியத்தை மறுத்தது வேறு என்ற வேறுபாட்டை அழித்துவிட்டால் சபையில் கண்டிக்கப்பட்ட எல்லோரும் அந்தப் பகுப்புக்குள் போய்விடுவார்கள்.

சபையின் பெயரைச் சொல்வதிலும் தகராறு உண்டு. 2018 ஆகஸ்டில் அன்றைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் ‘மார்மன்’ என்ற சொல்லை விட்டுவிட்டு முழுப் பெயரையே பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். அதன் பிறகு நல்லெண்ணத்தோடு வரும் புதியவர்கள் பக்கம் பக்கமாக ‘மார்மன்’ என்பதை மாற்றிக்கொண்டே போனார்கள். விக்கிப்பீடியாவின் நடை, ஓர் அமைப்பு தன்னை எப்படி அழைக்கச் சொல்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. பொதுவான சான்றுகள் எப்படி அழைக்கின்றன என்பதையும் பார்க்கும். அங்கே ஏற்பட்ட வழக்கம், முதல் முறை முழுப் பெயர், பிறகு ‘எல்.டி.எஸ். சபை’ என்ற சுருக்கம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யூட்டா சபையின் ஆங்கிலப் பெயரில் ‘லேட்டர்’, ‘டே’ இரண்டுக்கும் நடுவே ஓர் இணைகோடு வரும். ஜோசப் ஸ்மித்திலிருந்து கிளைத்த மொத்த இயக்கத்தைக் குறிக்கும்போது அந்தக் கோடு வராது. எழுத்துப் பிழை என்று நினைத்து அந்தக் கோட்டைச் சேர்ப்பவர், தெரியாமலே ஒரு சபையின் வரலாற்றை இன்னொரு சபைக்கு எழுதிவைத்துவிடுகிறார்.

யாருடைய சான்று?

சால்ட் லேக் சிட்டியில் நீண்ட காலம் இரண்டு பெரிய நாளிதழ்கள். டெசரட் நியூஸ் சபைக்குச் சொந்தமானது. சால்ட் லேக் டிரிபியூன் சபையைச் சேராதது. சபைக்குச் சொந்தமானது என்பதாலேயே ஒரு நாளிதழின் செய்தியைத் தள்ளிவிட முடியாது. ஓர் ஆசிரியர் குழு சரிபார்த்து வெளியிட்ட செய்தி அது. ஆனால் சபையை விமர்சிப்பவரின் குணத்தைப் பற்றி அதில் ஒரு மதிப்பீடு வந்தால், இது எந்த நாளிதழின் கருத்து என்று வரிக்குள்ளேயே சொல்லிவிடுவது நல்லது.

இதைவிடச் சிக்கல், தன்வெளியீடு. சபையை ஆதரித்து மறுப்பு எழுதும் ஃபேர் என்ற அமைப்பின் இணையப் பக்கங்களை எடுத்து, வாழும் விமர்சகரின் கட்டுரையில் சான்றாகப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. வாழும் மனிதரைப் பற்றிய விவரத்துக்கு, அவரைத் தவிர வேறு யாருடைய தன்வெளியீடும் செல்லாது. வலைப்பதிவு, சொந்தத் தளம், சொந்தச் செலவில் போட்ட நூல் எல்லாம் இதில் அடங்கும். மறுபுறம் விமர்சகர் தன் செய்தி மடலில் எழுதியதை அவரைப் பற்றிய எளிய விவரங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம்: எங்கே பிறந்தார், எப்போது கடை திறந்தார். அதே மடலில் அவர் சபைத் தலைவர் ஒருவரைப் பற்றி எழுதியதை எடுக்க முடியாது, ஏனென்றால் அது மூன்றாம் நபரைப் பற்றியது. தற்பெருமையையும் எடுக்க முடியாது. இரு தரப்பும் ஒரே நேரத்தில் எரிச்சலடையும் விதி இது. அதனாலேயே விக்கிப்பீடியாவில் எழுதும் எங்களுக்குப் பிடிக்கும்.

அப்படியானால் என்னதான் மிச்சம்? மூன்றாம் தரப்பு ஆய்வு. 1984இல், மார்மன் அல்லாத வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ஃபாஸ்டர், டயலாக் என்ற ஆய்விதழில் டேனர் தம்பதியின் பணியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர்களுடைய அணுகுமுறையைக் கடுமையாகச் சாடினார். அரிய ஆவணங்களை வெளிக்கொண்டுவந்ததன் பயனையும் சொன்னார். இந்தக் கட்டுரையை இரண்டு பேர் மேற்கோள் காட்டினால் ஒருவர் சாடலை மட்டும் எடுப்பார், மற்றவர் பாராட்டை மட்டும். இருவரிடமும் சான்று இருக்கும். இருவருமே தவறு. சான்றின் முழுப் போக்கையும் இரண்டு மூன்று வரியில் சொல்லி, ஃபாஸ்டரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தால்தான் அது நேர்மை.

வழக்கு விவரங்களில் இன்னும் கவனம் வேண்டும். 1999இல் சபையின் பதிப்புரிமையை வைத்திருக்கும் இன்டலெக்சுவல் ரிசர்வ் என்ற நிறுவனம் யூட்டா லைட்ஹவுஸ் மினிஸ்ட்ரி மீது வழக்குப் போட்டது. சபை நிர்வாகிகளுக்கான கையேட்டின் சில பக்கங்களை அவர்கள் தங்கள் தளத்தில் போட்டதும், நீக்கிய பிறகு அவை கிடைக்கும் வேறு தளங்களின் முகவரிகளைக் கொடுத்ததும்தான் காரணம். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது. இதை ஒருவர் ‘சபை வாயடைக்கப் பார்த்தது’ என்று எழுதுவார். இன்னொருவர் ‘பதிப்புரிமைச் சட்டத்தை மீறினார்கள்’ என்று எழுதுவார். இடைக்காலத் தடை என்பது இறுதித் தீர்ப்பு ஆகாது. சமரசம் ஆனதால் மீறினார்கள் என்று எந்த நீதிமன்றமும் முடிவாகச் சொல்லவும் இல்லை. ஆகவே யார் வழக்குப் போட்டார், எதற்காக, நீதிமன்றம் எந்தக் கட்டத்தில் என்ன செய்தது, எப்படி முடிந்தது என்ற நான்கையும் அந்த வரிசையில் எழுதி நிறுத்த வேண்டும். நீதிமன்ற ஆவணத்தையே சான்றாகப் போடவும் கூடாது. வாழும் மனிதரைப் பற்றிய வரிக்கு நாளிதழோ சட்ட ஆய்விதழோ அதைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கில் இவர்களுடைய அமைப்பே வாதி. தங்கள் தளத்தைப் போலவே தோற்றம் கொண்ட ஒரு தளம் தொடர்பாக ஃபேர் அமைப்பு மீது தொடுத்த அந்த வழக்கில், 2008இல் அமெரிக்காவின் 10ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபேர் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு வழக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும் திருத்தத்தைக் கண்டால், திருத்தியவர் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம்.

எத்தனை வரி?

நடுநிலை என்றால் ஆளுக்குப் பாதி என்று பலரும் நினைக்கிறார்கள். விக்கிப்பீடியாவில் அப்படி இல்லை. நம்பத்தகுந்த சான்றுகள் ஒரு விஷயத்துக்கு எவ்வளவு இடம் தருகின்றனவோ, ஏறத்தாழ அந்த விகிதத்தில்தான் கட்டுரையும் தர வேண்டும். சபைக்கு 1 கோடியே 70 லட்சம் உறுப்பினர்களுக்கு மேல் இருப்பதாகச் சபை சொல்கிறது. அந்த எண்ணிக்கை இங்கே கணக்கில் வராது. விமர்சகரின் நூல் எத்தனை பிரதி விற்றது என்பதும் வராது.

சாலமாண்டர் கடிதம் இதற்கு நல்ல சோதனை. ஜோசப் ஸ்மித்தின் தொடக்ககாலச் சீடர் மார்ட்டின் ஹாரிஸ் 1830இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட அந்தக் கடிதம், மார்மன் புஸ்தகம் எழுதப்பட்டிருந்ததாகச் சொல்லப்படும் தங்கத் தகடுகள் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த கதையில், தேவதூதனுக்குப் பதிலாகப் பல்லி போன்ற உயிரினமான ஒரு வெள்ளைச் சாலமாண்டரைக் கொண்டுவந்தது. மார்க் ஹாஃப்மன் என்ற ஆவண வியாபாரி 1984 ஜனவரியில் அதை 40,000 டாலருக்கு விற்றார். விமர்சகர்களுக்கு அது கையில் விழுந்த கனி. ஆனால் ஜெரால்ட் டேனர் அந்த 1984இலேயே அது போலியாக இருக்கலாம் என்று வெளிப்படையாக எழுதினார். கடிதத்தின் சில பகுதிகள் 1834இல் வந்த ஒரு மார்மன் எதிர்ப்பு நூலின் வரிகளோடு ஒத்துப்போவதைக் கண்டதுதான் காரணம். 1985 அக்டோபரில் ஹாஃப்மன் வைத்த குண்டுகளில் இருவர் இறந்தார்கள். 1987 ஜனவரியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கடிதம் அவர் தயாரித்த போலி.

இதற்கு எத்தனை வரி? டேனர் தம்பதியை விரும்பாதவர், சம்பந்தமில்லாதது என்று ஒரே வரியாகக் குறைப்பார். விரும்புகிறவர் பாதிக் கட்டுரையை இதற்கே கொடுத்துவிடுவார். ஹாஃப்மன் வழக்கைப் பற்றி எழுதிய, எந்தப் பக்கமும் சாராதவர்கள் ஜெரால்டின் சந்தேகத்தைக் குறிப்பிடுகிறார்கள். அதனால் இதற்கு ஒரு பத்தி நியாயம். குண்டுவெடிப்பின் விவரங்களுக்கு ஹாஃப்மன் பக்கம் தனியாக இருக்கிறது; அங்கே ஓர் இணைப்புப் போதும்.

இங்கேதான் விக்கிப்பீடியாக்காரர்கள் ‘கோட் ரேக்’ (கோட்டு மாட்டும் சட்டம்) என்று கேலியாகச் சொல்லும் நோய் தெரியும். கட்டுரை ஓர் ஆளைப் பற்றியது. ஆனால் அந்த ஆளைக் கொக்கியாக வைத்து அவருடைய வாதங்கள் அனைத்தையும் மாட்டிவிடுவார்கள். அடுத்து வருபவர் ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு மறுப்பை மாட்டுவார். சில மாதங்களில் வாழ்க்கை வரலாறு 4 பத்தி, பலதார மணம் பற்றிய பட்டிமன்றம் 14 பத்தி என்று ஆகிவிடும். மருந்து எளிது. வாதமும் மறுப்பும் அந்தந்தத் தலைப்பின் கட்டுரைக்குப் போகட்டும். ஆள் என்ன எழுதினார், அது எப்படி வரவேற்கப்பட்டது என்பது மட்டும் இங்கே.

இரண்டு உண்மையைச் சேர்த்து மூன்றாவது

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. வரலாற்றாசிரியர் ஃபான் பிரோடி 1945இல் வெளியிட்ட ஜோசப் ஸ்மித் வாழ்க்கை வரலாற்றில் அவருடைய மனைவியர் என்று 48 பேரைப் பட்டியலிட்டார். 1946இல் சபை அவரை நீக்கியது. 2014இல் சபையே தன் தளத்தில் வெளியிட்ட கட்டுரை, கவனமான மதிப்பீடுகள் அந்த எண்ணிக்கையை 30 முதல் 40 வரை வைப்பதாகச் சொன்னது. இரண்டும் உண்மை, இரண்டுக்கும் சான்று உண்டு. உடனே ஒருவர் பிரோடி பக்கத்தில் எழுதுவார்: ‘அவர் சொன்னது சரி என்று சபை 2014இல் ஒப்புக்கொண்டது.’ இன்னொருவர் எழுதுவார்: ‘அவர் மிகைப்படுத்தியது 2014இல் தெளிவானது.’ ஒரே இரண்டு சான்றிலிருந்து நேர் எதிரான இரண்டு முடிவுகள்! இரண்டு முடிவையும் எடுத்தது சான்று அல்ல, எழுதியவர். இரண்டையும் ஒப்பிட்டு முடிவு சொன்ன ஒரு வரலாற்றாசிரியரைக் காட்டினால் எழுதலாம். இல்லையென்றால் ‘ஆனால்’, ‘எனினும்’, ‘பின்னர் உறுதியானது’ போன்ற ஒட்டுச்சொற்கள் இருக்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள். சொந்த ஆய்வு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிரோடி 1981இலேயே இறந்துவிட்டதால் அவர் பக்கத்துக்கு வாழ்வோர் விதி பொருந்தாது. அண்மையில் இறந்தவர்களுக்கு மட்டும் அந்த விதி சில மாதங்கள் நீளும், அதிகபட்சம் 2 ஆண்டு.

திருத்தப் போகிறீர்கள் என்றால்

முதலில் உரையாடல் பக்கத்தையும் அதன் பழைய தொகுப்புகளையும் படியுங்கள். நீங்கள் மாற்ற நினைக்கும் சொல்லைப் பற்றி ஏற்கெனவே நீண்ட சண்டை நடந்து முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். 9 மாற்றங்களை ஒரே சேமிப்பில் செய்தால், அதில் ஒன்று பிடிக்காதவர் ஒன்பதையும் சேர்த்து மீளமைத்துவிடுவார், அதாவது பழைய வடிவத்துக்கே திருப்பிவிடுவார். சேமிக்கும்போது வரும் தொகுப்புச் சுருக்கப் பெட்டியில் ‘திருத்தம்’ என்று எழுதாமல் என்ன, ஏன் என்று எழுதுங்கள்: ‘தன்வெளியீட்டுச் சான்று, வாழும் நபர், நீக்கம்’.

மீளமைக்கப்பட்டால் திரும்ப மீளமைக்காதீர்கள். உரையாடல் பக்கத்துக்குப் போங்கள். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் 3 முறைக்கு மேல் மீளமைத்தால் கணக்கு முடக்கப்படலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரியை மீளமைத்தாலும் எண்ணிக்கை ஒன்றுதான். 25ஆம் மணி நேரத்தில் நான்காவது முறை செய்கிறவரின் கெட்டிக்காரத்தனத்தை நிருவாகிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். 3 என்பது உரிமை அல்ல. அப்பட்டமான விசமத் திருத்தத்தையும், வாழும் மனிதரைப் பற்றிய சான்றற்ற அவதூறையும் நீக்குவதற்கு விலக்கு உண்டு. விலக்கு என்று நினைத்து நீக்கியது அவதூறு அல்ல, வெறும் விமர்சனம் என்று பிறர் முடிவு செய்தால் முடக்கம் உங்களுக்குத்தான். ஐயம் இருந்தால் வாழ்வோர் பற்றிய அறிவிப்புப் பலகையில் ஒரு குறிப்புப் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இரண்டே பேர் மோதிக்கொண்டால் மூன்றாமவர் கருத்தைக் கேட்கும் பக்கம் ஒன்று உண்டு. சான்றின் தரம், நடுநிலை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பலகைகள் உண்டு. அவற்றிலும் தீராவிட்டால் பொதுக் கருத்துக்கோரல். வழக்கமாக 30 நாள் திறந்திருக்கும். கேள்வியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் அது பிழைப்பதும் சாவதும். ‘இந்த மதவெறியரை இன்னும் ஆய்வாளர் என்று அழைக்க வேண்டுமா?’ என்று கேட்டால் அடுத்த 30 நாளும் கேள்வியைப் பற்றியே சண்டை நடக்கும். ‘முதல் வரியில் விமர்சகர், ஆய்வாளர் இவற்றில் எது வர வேண்டும்?’ என்று கேட்டுவிட்டு, உங்கள் வாதத்தைக் கீழே தனியாக எழுதுங்கள். நண்பர்களைக் கூட்டி வராதீர்கள். தலை எண்ணுவதில்லை, எந்த வாதம் விதியையும் சான்றையும் ஒட்டி நிற்கிறது என்று பார்த்துத்தான் முடிப்பார்கள். இரண்டாவது கணக்கைத் திறந்து தனக்குத் தானே ஆதரவு சொல்பவர் கைப்பாவை விசாரணையில் சிக்கினால், அந்தக் கணக்கோடு முதன்மைக் கணக்கும் முடங்கலாம்.

மார்மன் என்பதாலோ முன்னாள் மார்மன் என்பதாலோ ஒருவருக்கு இந்தப் பக்கங்களைத் திருத்தும் தகுதி போய்விடாது. நம்பிக்கை மட்டும் நலமுரண் (சொந்த நலன் குறுக்கிடுவது) ஆகாது. சபையிடமோ விமர்சகரின் அமைப்பிடமோ சம்பளம் வாங்குகிறவர் நிலை வேறு. 2014 முதல் கூலிக்குத் திருத்துவதை வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்பது தளத்தின் பயன்பாட்டு நிபந்தனை. அப்படிப்பட்டவர் உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வைத்து, வேறொருவர் திருத்தும்படி செய்வதே முறை. விமர்சகருக்கே தன் பக்கத்தில் பிழை தெரிந்தால் அவருக்கும் அதே வழி.

கருத்துக்கோரல் முடிந்ததும் முடிவை ஒரு பெட்டிக்குள் இட்டு, விவாதத்தைப் பழைய தொகுப்புக்கு நகர்த்திவிடுவார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு புதியவர் வந்து அதே முதல் வரியை மாற்றும்போது அந்தப் பெட்டியின் முகவரியைத்தான் அவருக்குக் கொடுப்பார்கள். அதற்குள் புதிய ஆய்வு நூல் ஒன்று வந்து, அதில் வேறு சொல் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு கேள்வியை மறுபடி திறக்கலாம்.